நங்கையா கொடுத்த சொட்டு

நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில், வேறு நாற்காலியே இல்லாத மாதிரி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டு. என் நங்கையா. வீட்டுக்காரரின் அக்கா கோகிலாமணி. வாய்க்கு வாய் வாங்க நங்கையா, சாப்பிடுங்க நங்கையா என்றுதான் முப்பது வருஷமாகச் சொல்கிறேன். மனதுக்குள் அவள்தான், இவள்தான், மனதுக்குள் எட்டிப் பார்க்க யார் வரப்போகிறார்கள். மீன்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வரிசையே காலியாகக் கிடக்கிறது. போய் உட்காரேன். மீனைப் பாரேன். மாட்டாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும், அது அவளுக்கு எழுதிக்கொடுத்த கை. ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் கூப்பிடுவார். கூப்பிட்டால் கூட ஒருத்தர்தான் உள்ளே போகமுடியும், இந்த டாக்டர் அதில் கறார். போன மாசம் செக்கப்புக்கு இவள்தான் உள்ளே போனாள், நான் வெளியே செருப்புக்குக் காவல். இன்றைக்கும் இவள் போனால் இவள் குடிக்கக் கொடுக்கிற எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை டாக்டர் காதில் விழாது. வீட்டுக்காரரோ சொல்லவே மாட்டார். மருந்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதி வாங்கிக்கொண்டு வருவார்கள், நாளைக் காலையில் மறுபடியும் டம்ளரில் சொட்டு விடுவார்கள். நான் போகவேண்டும். எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை. எழுந்து நின்று நான் போகிறேன் என்று சொல்லவேண்டியதுதானே, அதில் என்ன கஷ்டம், கட்டின பெண்டாட்டி. கஷ்டம்தான். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட சொன்னதில்லை.

பையைத் திறக்கிறாள். திறக்காதே. திறந்தாயிற்று. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு நீலச் சீசா, மூடியைத் திருகி அவர் மணிக்கட்டில் விட்டுத் தேய்க்கிறாள். "மூச்ச நல்லா இழுத்து உடு சாமி. படபடப்பு அடங்கீரும்." அவரும் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறார். பேரன் எடுக்கிற வயதில் மஞ்சள் மண்டி நடத்துகிற மனுஷன், ஏலத்தில் குரல் கொடுத்தால் பத்துக் கடை தள்ளிக் கேட்கும், அக்காவுக்கு முன்னால் பால்வாடிப் பிள்ளை. ஹால் முழுக்க வாடை. எலுமிச்சம்பழத் தோலையும் பாத்ரூம் கழுவுகிற திரவத்தையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி. எதிரில் இருக்கிற அம்மா குழந்தையின் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். என்னை ஏன் பார்க்கிறாய் தாயே, நானா தேய்த்தேன். மோந்து பார்க்கிறதில் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. சளி பிடித்தால் கொதிக்கிற தண்ணீரில் தைலம் விட்டுப் போர்வைக்குள் ஆவி பிடித்து வளர்ந்தவள்தான் நானும், தலைவலித் தைலம் இல்லாத வீடு ஈரோட்டில் எங்கே இருக்கிறது. மோந்துவிட்டுப் போகட்டும். தேங்காய் எண்ணெயில் கலந்து காலில் தேய்க்கட்டும். விழுங்குகிறதுதான், வயிற்றுக்குள் விழுங்குகிறதுதான். இந்த மனுஷனிடம் எப்போதும் மஞ்சள் வாடைதான் அடிக்கும். கல்யாணமான புதிதில் தலையணை உறையெல்லாம் மஞ்சள் கறை, துவைத்துத் துவைத்து அலுத்துப்போய் மஞ்சள் உறையாகவே வாங்கிவிட்டேன். இப்போது பக்கத்தில் படுத்தால் யாரோ வேற்றாள் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. அந்த வாடையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு வீட்டுக்குள் நுழைவதென்றால் இப்படித்தான் நுழையவேண்டும், சத்தமில்லாமல், மூக்கு வழியாக.

பொங்கலுக்குக் கொண்டுவந்தாள். கரும்பும் மஞ்சள்கொத்தும் கொண்டுவருகிற கையில் ஒரு வெல்வெட் பெட்டி, திறந்தால் சின்னச் சின்னச் சீசாவாகக் கண் சிமிட்டுகிறது. "எல்லாம் இயற்கை அம்மணி. ஒரு கெமிக்கல் கெடையாது. தம்பிக்குக் கொழுப்பெல்லாம் கரஞ்சு ஓடீரும்." அரளிக்காயும் இயற்கைதான் நங்கையா என்றேன். வாய் சும்மா இருந்ததா. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அது பரவாயில்லை, அவரும் பேசவில்லை. அப்புறம் தினமும் காலையில் போனில் முகம் காட்டி அழைப்பு. நான் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருப்பேன், போன் சாம்பார்க் கிண்ணத்தில் சாய்ந்து நிற்கும், அதற்குள் இவள் முகம், நெற்றி நிறைய திருநீறு, கையில் வெந்நீர் டம்ளர். இந்தப் பக்கம் இவர் கையில் ஒரு டம்ளர். அவள் எண்ணிச் சொட்டு விடுவாள், இவரும் விடுவார். அவள் குடிப்பாள், இவர் குடிப்பார். குடித்துவிட்டு ரெண்டு பேரும் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார்கள். கள்ளுக்கடையில்கூட இந்த ஒற்றுமையைப் பார்க்கமுடியாது. எனக்குச் சிரிப்பும் வரும் எரிச்சலும் வரும். டம்ளரை யார் கழுவுகிறார்கள், நான்தான் கழுவுகிறேன். எண்ணெய்ப் பிசுக்கு, புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒருநாள் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன், பித்தளை, எவர்சில்வர் ஆகாது, கண்ணாடிதான் ஆகும் என்று போனுக்குள்ளிருந்து சத்தம் போட்டாள். டம்ளரைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. அதே வயிற்றில் ராத்திரி ஒரு மாத்திரை போகிறதே, அது என்ன ஆகும் என்று ஒரு தடவை யோசித்தாளா.

மாத்திரை. நெஞ்சில் அடைப்பென்று ரெண்டு வருஷம் முன்னால் இதே ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது இந்த டாக்டர்தான் எங்கள் ரெண்டு பேரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். கொழுப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது, தொடை, கெண்டைக்காலில் காரணமில்லாமல் வலி வந்தால் உடனே வரவேண்டும், சிறுநீர் நிறம் மாறினால் ஓடி வரவேண்டும். அப்புறம் போனை எடுத்து ஒரு பழத்தின் படம் காட்டினார். பம்ளிமாஸ் மாதிரிப் பெரிதாக, அறுத்தால் உள்ளே ரோஸ் நிறம். வெளிநாட்டுப் பழம், இதை மட்டும் இந்த மாத்திரையோடு சேர்க்காதீர்கள், மாத்திரையை உடம்பு கரைத்து வெளியேற்றவிடாது, உள்ளே தேங்கிவிடும் என்றார். இவர் சிரித்தார். "அதுக்கு நாம எங்கீங்க டாக்டர் போறது. ஈரோட்டு மார்க்கெட்ல நேந்திரம் பழமே ஒழுங்காக் கெடைக்க மாட்டீங்குது." டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது. ஏனென்றால் இன்று காலையில் அவர் பாத்ரூமைவிட்டு வெளியே வந்ததும் நான் அந்த வெல்வெட் பெட்டியை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு சீசாவிலும் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். ஒன்றில் எலுமிச்சை. ஒன்றில் புல். ஒன்றில் அந்தப் பழம். அறுத்து வைத்த பழம், உள்ளே ரோஸ் நிறம். கடையில் கிடைக்காத பழம் அக்கா கையால் வீடு தேடி வந்திருக்கிறது. தினம் குடித்த சொட்டில் பாதி அதுதான். நான் அதைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன், பால் பொங்கி அடுப்பை அணைத்தது, நான் அணைக்கவில்லை.

போன மாசம் டாக்டர் கேட்டிருக்கிறார். வேற ஏதாவது மருந்து எடுத்துக்கிறீங்களா என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து அவரே பெருமையாகச் சொன்னார். "ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லீட்டேன்." ஏனுங்க, எண்ணெய் குடிக்கறதச் சொல்லலீங்களா? "அது மருந்தா? அக்கா குடுக்கறது." பாருங்கள் நியாயத்தை. மருந்து என்றால் மாத்திரை, ஊசி, சிரப், டாக்டர் எழுதினது. கசாயம் மருந்தில்லை, லேகியம் மருந்தில்லை, அக்கா கொடுத்தால் அரளியே மருந்தில்லை, அது பாசம். பாசத்தையெல்லாம் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்களா. இவர் மட்டுமா, என் அம்மா சர்க்கரைக்குப் பாகற்காய் ஜூஸ் குடித்ததை எந்த டாக்டரிடம் சொன்னாள். ஊரே இப்படித்தான். டாக்டர் கேட்டால் வாயில் கொழுக்கட்டை, வெளியே வந்தால் பக்கத்து நாற்காலிக்காரனிடம் முழுச் சரித்திரம். டாக்டரும் இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கக்கூடாதா. எண்ணெய், பொடி, கசாயம் ஏதாவது உண்டா என்று பேர் சொல்லிக் கேட்டிருக்கக்கூடாதா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சொல்லியிருக்கக்கூடாதா. இவளுக்குத் தெரியும். குடிக்கவைத்ததே இவள். தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள், காதுத் தோடு ஆட ஆட. அந்தத் தோட்டைப் பிடித்து இழுத்துவிடாமல் இருக்க நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன்.

அவர் தொடையைத் தடவிக்கொள்கிறார். மாசி கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டது. மண்டிப் படியில் ஏறும்போது சுவரைப் பிடித்தார். குந்தி உட்கார்ந்தால் எழ முடியவில்லை, பூஜையறையில் நான் தூக்கிவிட்டேன். வயசாச்சில்ல என்றார். நான் டாக்டர்கிட்டப் போலாமுங்க என்றேன். அவர் அக்காவுக்குப் போன் போட்டார். அவள் சந்தோஷப்பட்டாள். கடவுளே, சந்தோஷப்பட்டாள். "அப்பிடித்தான் சாமி வலிக்கும். உள்ள இருக்கற கெட்டதெல்லாம் வெளியேறுது. ரெண்டு சொட்டு சேத்திக் குடி." கெட்டது. என்ன கெட்டது, எங்கே இருந்தது, அது வெளியேறுவதை யார் பார்த்தார்கள். தலை வலித்தாலும் கெட்டது வெளியேறுகிறது, வயிறு எரிந்தாலும் கெட்டது வெளியேறுகிறது, ஆள் செத்தால் மொத்தக் கெட்டதும் வெளியேறிவிட்டது என்பார்களோ என்னவோ. அவரும் சேர்த்துக் குடித்தார். தொடைக்கு வேறு ஒரு சீசாவைக் கலக்காமல் அப்படியே தேய்த்தார், தோல் வெந்து கொப்புளம், அதற்கும் அதே பதில். நான் தேங்காய் எண்ணெயைப் போட்டுத் துடைத்துவிட்டேன். துடைக்கும்போது அவர் முனகினார், மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் முனகுகிற மாதிரி, அடி வயிற்றிலிருந்து. அன்றைக்கே நான் சண்டை போட்டிருக்கவேண்டும். போட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார். அதோடு சண்டை முடிந்தது, எங்கள் வீட்டில் சண்டை அப்படித்தான் முடியும்.

இன்று காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறம். அவர் தண்ணீர் ஊற்றாமல் வந்துவிட்டார், இல்லையென்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஏனுங்க இது எத்தன நாளா என்றேன். நேத்திருந்து என்றார், சாவகாசமாக, பேப்பர் வந்ததா என்று கேட்கிற குரலில். நான் ஆட்டோவுக்குச் சொல்லப் போனேன், வந்து பார்த்தால் அக்காவின் கார் வாசலில். அவர் எனக்கு முன்னால் போன் போட்டுவிட்டார். காரில் முன் சீட்டில் அவர், பின்னால் நாங்கள் ரெண்டு பேர். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். "சாந்தா, உள்ள போயி எண்ணெய்க் கதையெல்லாம் எடுத்தராத. அக்கா பேரு கெட்டுப்போகும். அந்த டாக்டரோட சம்சாரமே அக்காகிட்டத்தான் வாங்கறாங்க." இவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்காத மாதிரி. பேர் கெட்டுப்போகும். சிறுநீரகம் கெட்டுப்போகலாம், அது பரவாயில்லை. அப்போதிருந்து என் பல் கிட்டித்துக்கொண்டிருக்கிறது, தாடை வலிக்கிறது. யாரோடு கோபம் என்று கேட்டால் எனக்கே வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. இவளோடு. அவரோடு. அந்தச் சீசாவில் பழப்படம் ஒட்டினவனோடு. படம் ஒட்டத் தெரிந்தவனுக்கு, கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேளுங்கள் என்று ஒரு வரி தமிழில் ஒட்டத் தெரியவில்லை. டிவியில் யாரோ தோசை வார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களோடும் கோபம்.

அவரால் அக்காவை மறுக்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் நடந்தபோது பார்த்துக்கொண்டு நின்றேனே. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் அவன் கூடப்பிறந்தவளுக்கும் செய்கிற சீர், எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் கல்யாணமே இல்லை. மடித்த சேலையின் ஒரு தலைப்பு இவர் கக்கத்தில், மறு தலைப்பு அவள் கையில், ரெண்டு பேரும் சேர்ந்து நின்றார்கள். சீர் நடத்துகிற அருமைக்காரர் சொல்லச் சொல்லச் செய்தார்கள். நான் அறைக்குள்ளிருந்து கதவிடுக்கில் பார்த்தேன். எனக்கு முந்தி அவளுக்கு. அப்படித்தான் அன்றைக்குத் தோன்றியது, பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வேறென்ன தோன்றும். மாமியார் சீக்கிரம் போய்விட்டதால் இவரைத் தூக்கி வளர்த்தவளே இவள்தான் என்பது அப்புறம் தெரிந்தது. இவளுடைய வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பெருந்துறையில் அந்தப் பெரிய வீட்டில் ஒண்டியாகக் கிடந்தாள். வாசலில் கோலம்கூடப் போடமாட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் சுவரோரம் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆளுக்கு ஆள் சேர்த்து எண்ணெய் விற்கிற அந்தக் கூட்டத்தில் சேர்ந்த பிறகுதான் ஆளே மாறினாள். ஓட்டல் ஹாலில் மேடையேற்றி, சேலைக்கு மேல் நீலக் கோட்டு மாட்டி, லீடர் கோகிலாமணி மேடம் என்று மைக்கில் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். போட்டோவை முந்தானையால் துடைத்துவிட்டு என்னிடம் காட்டினாள். நான் நல்லாருக்குதுங்க நங்கையா என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். இதெல்லாம் தெரிகிறதே, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒன்றும் தெரியாமல் இருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலையலாம். இவளுக்குக் கைதட்டு வேண்டும் என்பதற்காக என் வீட்டுக்காரரின் தொடை கரையவேண்டுமா. ஒரு விதவை சந்தோஷமாக இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள், மோந்து பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கட்டுமே.

"குழந்தைவேல்!" நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு கூப்பிடுகிறாள். "கூட ஒருத்தர் மட்டும் வாங்க." இவள் எழுவதற்காகக் கையை நாற்காலியில் ஊன்றுகிறாள். பையை என் பக்கம் நீட்டுகிறாள், வைத்துக்கொள் என்று, போன மாசம் மாதிரி. என் கை பழக்கத்தில் வாங்கப் போகிறது. சனியன் பிடித்த கை. அவர் ரெண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து எழப் பார்க்கிறார், முழங்கால் மடங்கித் தொம்மென்று மறுபடி உட்காருகிறார். சத்தம் கேட்டு எதிரில் குழந்தை திரும்பிப் பார்க்கிறது. அந்தத் தொம்தான். அதற்கப்புறம் எனக்கு ஹால் தெரியவில்லை, ஜனம் தெரியவில்லை. எழுந்து அவர் முன்னால் போய் நின்று, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். "நான் போறேன்." "நீ எதுக்கு அம்மணி, நான் வெவரமாப் பேசுவன்," என்றாள் நங்கையா. "நீங்க வெவரமாப் பேசித்தான் இவரு இப்பிடி நிக்கறாரு." என் குரல்தானா அது. "சாந்தா," என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க பேசாதீங்க. பெரிய மண்டிக்காரரு. உச்சா போறது என்ன நெறம்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லத் துப்பில்ல." ஹாலே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். தோசை வார்க்கிறவளும் பார்க்கட்டும். நங்கையாவின் முகம் சுருங்கியது. பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க," என்றாள், சின்னக் குரலில். வாங்க என்கிறாள் என்னை, முப்பது வருஷமாக நீ, வா என்றவள். முதல் தடவை. எனக்கு அதிலும் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

உள்ளே ஏசி. டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே தலையைத் தூக்காமல், தசை சிதைவதைக் காட்டுகிற அளவு ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, சிறுநீரகமும் லேசாகத் திணறுகிறது, இன்றே அட்மிட் செய்து டிரிப் ஏற்றவேண்டும் என்றார். அப்புறம் கேட்டார், அதே கேள்வி, வேற ஏதாவது மருந்து எடுத்துக்கிட்டீங்களா. இவர் வாயைத் திறந்தார், இல்லீங்க என்பதற்குத்தான், எனக்குத் தெரியாதா. நான் முந்திக்கொண்டேன். பொங்கலிலிருந்து தினமும் வெறும் வயிற்றில் வெந்நீரில் எண்ணெய் குடிக்கிறாருங்க, வலி வந்ததும் கூட்டிக் குடிச்சாருங்க, அதில் நீங்க போனில் காட்டினீங்களே ஒரு பழம், அதோட தோல் எண்ணெயும் இருக்குதுங்க, உங்க வீட்டம்மாகூட இவங்க அக்காகிட்டத்தான் வாங்கறாங்களாமா. மூச்சு விடாமல் கொட்டினேன். டாக்டர் தாளைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன், அவர் கத்தவில்லை. "என் சம்சாரம் தலகாணில ஒரு சொட்டு உட்டுட்டுத் தூங்கறாங்கம்மா. மோந்து பாக்கறதுக்கும் முழுங்கறதுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க." பிறகு இவரிடம் திரும்பினார். "எண்ணெயாலதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. மாத்திரையே தனியா சிலபேருக்கு இப்பிடிப் பண்ணும். ஆனா அந்தப் பழத்துச் சரக்கு மாத்திரைய ஒடம்புலயே தேங்க வெச்சிரும். போன மாசமே சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பன். இப்ப மாத்திரைய நான் நிறுத்தறேன். நீங்களா எதையும் நிறுத்தவும் வேண்டாம், சேக்கவும் வேண்டாம். பொழைக்கற நேரத்துலயே வந்துட்டீங்க." இவர் மேஜையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுகூடத் தோன்றியது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, தோன்றியது. கதவைத் திறந்து அவள் முகத்தில் இதை அடிக்கவேண்டும் என்று வார்த்தைகளைக்கூட அடுக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது டாக்டர் பேனாவை மூடிக்கொண்டு கேட்டார். "வீட்ல வேற யாரு இத குடிக்கறது?" நான் யாருமில்லீங்க என்றேன். இவர் தலையைத் தூக்கினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அக்கா," என்றார். "அக்கா தெனமும் குடிக்கறாங்க. எனக்கு முன்னாலருந்து. அவங்களுக்கும் இதே மாத்திரைதானுங்க டாக்டர். அவங்களுது என்னுதவிடப் பெரிய டோஸு."

கதவைத் திறந்தேன். அடுக்கிவைத்த வார்த்தை ஒன்றும் வாயில் இல்லை. நங்கையா அங்கேயேதான் இருந்தாள், என்னைப் பார்த்ததும் எழப்போனாள், எழவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். அவள் காலைத்தான் பார்த்தேன், சேலை விளிம்புக்குக் கீழே கட்டைபோல விறைத்து நின்ற காலை. நான் குனிந்தேன். "கால் வலிக்குதுங்களா நங்கையா?" அவள் சேலையை இழுத்துக் காலை மூடினாள். "எத்தன நாளா?" அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "கார்த்திகையிலருந்து." கார்த்திகை. அதற்குப் பிறகுதானே பொங்கல் வந்தது, பொங்கலுக்குத்தானே பெட்டியைக் கொண்டுவந்தாள். "வலிச்சிட்டே இருக்கையிலதான் இவருக்குக் குடுத்தீங்களா? தெரிஞ்சேவா?" "நல்லதுக்குத்தான் வலிக்குதுன்னு மேல இருக்கறவங்க சொன்னாங்க அம்மணி. எனக்குக் கீழ நாப்பது பேரு குடிக்கறாங்க. லீடரு நானே வலிக்குதுன்னு சொன்னா அவங்களெல்லாம் என்னாவாங்க?" கண்ணில் தண்ணீர் இல்லை அவளுக்கு, பயம்தான் இருந்தது. அறையலாம் போலிருந்தது. நாற்பது பேர். நாற்பது அடுப்படியில் நாற்பது டம்ளர், ராத்திரி எத்தனை மாத்திரையோ, யாருக்குத் தெரியும், யார் கேட்டார்கள். "போனெடுங்க," என்றேன். "ஒவ்வொருத்தரையாக் கூப்பிட்டு முழுங்காதீங்கன்னு சொல்லுங்க, மாத்திரைய நீங்களா உட்றாதீங்க, டாக்டரப் போய்ப் பாருங்கன்னு சொல்லுங்க. நான் பக்கத்துலயே நிப்பேன். ஆனா மொதல்ல நீங்க உள்ள வந்து ரத்தம் குடுங்க." என் மேல் பாரத்தைப் போட்டு எழுந்தாள். கனமாக இருந்தாள். கோபம் கொஞ்சமும் குறையவில்லை எனக்கு. வலிக்கட்டும் என்றுதான் அவள் கையை அத்தனை அழுத்திப் பிடித்தேன். வழியில் எங்கேயும் விடவில்லை.